இரண்டாவது பொட்டணம்

பங்க்சர் சாமிக்குச் சீடர் என்று சொல்லிக்கொள்ள ஏழு பேர்தான் தேறுவார்கள். அதில் மூத்தவர் செங்கோடன். சாமியைவிடவே பத்தொன்பது வயது மூத்தவர். சாமி அவரைச் "செங்கோடண்ணா" என்றுதான் கூப்பிடுவார். சீடனை அண்ணா என்று கூப்பிடுகிற குருவை எங்கே கண்டோம் என்று ஊரில் சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டு, ஓட்டை விழுந்த சைக்கிள் டியூபை எடுத்துக்கொண்டு அவரிடமே வந்து நிற்பார்கள்.

சாமி முன்னே சங்ககிரி ரோட்டில் பங்க்சர் கடை வைத்திருந்தவர். ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுக் கரட்டுக் குன்றின் அடிவாரமான கரட்டடிக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஏன் சாத்தினார், எதைக் கண்டார் என்று யார் கேட்டாலும் சொல்லமாட்டார். தகரக் கொட்டகை ஒன்று, நட்டுவைத்த கல் ஒன்று, கடையிலிருந்து கூடவே வந்த தண்ணீர்த் தொட்டி ஒன்று. மடம் என்பது அவ்வளவுதான். தொட்டியைச் சும்மா போட்டுவைப்பானேன் என்று டியூப் ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

சாமி பேசாதவர் என்பதால் பேசுகிற வேலை செங்கோடன் தலையில் விழுந்தது. அவருக்கு அது வெல்லம் சாப்பிடுகிற மாதிரி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி சாயங்காலம் கரட்டடியில் நூறு பேராவது கூடுவார்கள். செங்கோடன் எழுந்து நின்று தன் கதையைச் சொல்லுவார்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர் தம்பி அர்த்தநாரிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் அப்போது ஒரே போர்வெல் வண்டியில் கூட்டு. டாக்டர்கள் அண்ணனைச் சோதித்துப் பார்த்து, உங்களுடையது சேரும், ஒன்றைக் கொடுக்கலாம் என்றார்கள். செங்கோடன் யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டார். கொடு என்று சொல்லவும் வீட்டில் யாரும் துணியவில்லை, கொடுக்காதே என்று சொல்லவும் துணியவில்லை. கரட்டின் மேலே இருக்கிற முருகன் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார்.

பூக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூவை ஓர் இலையில், சிவப்புப் பூவை ஓர் இலையில் ஒரே மாதிரி மடித்து, நூல் சுற்றி, குலுக்கி முருகன் காலடியில் வைப்பார்கள். கேட்க வந்தவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் இல்லை. எடுத்த பொட்டணத்தை மட்டும்தான் பிரிப்பார்கள். எடுக்காத இரண்டாவது பொட்டணத்தை யாரும் பிரித்துப் பார்க்கக் கூடாது. சாமியைக் கேட்டுவிட்டு, அந்தச் சாமிக்கே சோதனை வைப்பதா என்று பெரியவர்கள் வைவார்கள். பூசாரி அதை அப்படியே கொண்டுபோய்ச் செடிக்கடியில் போட்டுவிடுவார்.

செங்கோடனுக்கு வெள்ளை வந்தது. கொடுத்தார். தம்பி பிழைத்தான்.

"கடவுள் இருக்கறாருங்கறதுக்கு ருசு வேணுங்களா? இதா, நிக்கறேன் பாருங்க, நாந்தான் ருசு!" என்று கூட்டத்தில் மாரைத் தட்டுவார். "செவப்பு வந்துரோணும், செவப்பு வந்துரோணும்னு வேண்டிக்கிட்டேதானுங்க கைய நீட்டுனேன். வெள்ளை வந்துது. அதக் குடுத்தது யாரு? நானா? என்ற கையா?"

கூட்டம் அரோகரா போடும். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஆபரேஷனுக்கப்புறம் கனம் தூக்கக் கூடாது என்றதால் செங்கோடன் வண்டித் தொழிலை விட்டுவிட்டார். தம்பி இப்போது இரண்டு வண்டிக்கு முதலாளி. அண்ணன் வீட்டுக்கு வருஷத்தில் ஒருதரம், தீபாவளிக்கு முதல் நாள் வருவான். ஒரு வேட்டியும் துண்டும் கொண்டுவந்து நின்றபடியே கொடுத்துவிட்டுப் போவான். செங்கோடனுக்கு அதில் வருத்தமே இருந்ததில்லை. கேட்டது சாமி, கொடுத்தது சாமிக்கு, நடுவில் இவன் வந்தாலென்ன வராவிட்டாலென்ன என்று இருந்தார்.

இந்த ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் பக்கத்து இலை, கரட்டுக் கோயில் பூசாரி நாச்சிமுத்து. எழுபத்தைந்து வயது, பல் போனாலும் வாய் போகாத மனுஷன்.

"ஏப்பா செங்கோடா, இன்னும் அந்தப் பூக் கதையச் சொல்லிட்டிருக்கறயாமா?"

"சொன்னா என்னங்க பூசாரி?"

"சொல்லு, சொல்லு. நல்ல கதைதான். அன்னிக்கு ஆடிப் பதினெட்டு பாத்துக்க. செவப்பரளி பூராவும் மாரியாத்தா கோயிலுக்குப் போயிருச்சு. கரடு முழுக்கத் தேடறேன், ஒத்தப் பூ இல்ல. நீ வேற கால்ல சுடுதண்ணி ஊத்துன மாதிரி நிக்கற. செரி, நல்ல காரியத்துக்குத்தான கேக்கறான்னு ரெண்டுலயும் நந்தியாவட்டையவே வெச்சுக் கட்டிட்டேன்."

சொல்லிவிட்டுப் பூசாரி பாயசம் இன்னொரு கரண்டி கேட்டார்.

செங்கோடன் இலையைக்கூட மடிக்காமல் எழுந்துவிட்டார். மனைவியிடம் விஷயத்தைச் சொன்னதோடு சரி, நாலு நாள் வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கரட்டடிக்கு வந்தார். அன்று பௌர்ணமி.

சாமி தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, ரெண்டுமே வெள்ளைங்க."

"எதுங்ணா?"

செங்கோடன் பந்தியில் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கிற வரைக்கும் சாமி டியூபைத் திருப்பிக்கொண்டேயிருந்தார்.

"ஓஹோ," என்றார்.

"ஓஹோங்களா! பதனோரு வருசமா ஊரைக் கூட்டி வெச்சுப் பொய் சொல்லிட்டிருக்கறேன் சாமி."

"தெரிஞ்சா சொன்னீங்க?"

"தெரியாமச் சொன்னா மட்டும் பொய் உண்மையாயிருமுங்களா?"

தண்ணீருக்குள் ஓரிடத்தில் குமிழி வந்தது. சாமி அங்கே கட்டை விரலை வைத்துக்கொண்டார்.

"செவப்புப் பூ கெடைக்காமப் போனதே அவன் செயல்தான்னு என்ற வூட்டுக்காரி சொல்றா," என்றார் செங்கோடன்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு எரிச்சலா வருதுங்க. வந்தாலும் அவன் செயல், வராட்டியும் அவன் செயல்னா அப்பறம் பூ எதுக்கு? கேள்வி எதுக்கு?"

"அதுஞ் செரிதான்."

"செரிதானா? நீங்களே இப்பிடிச் சொன்னா நான் எங்கீங்க போவேன்?" செங்கோடன் குரல் ஏறிவிட்டது. "சுத்தி வளைக்காம இன்னிக்கு ஒண்ணு சொல்லுங்க சாமி. கடவுள் இருக்காரா, இல்லியா? இருக்காருன்னா ருசுக் காட்டுங்க. அன்னிக்கு என்னைய யாருமே கேக்கலீன்னா, நான் யாருக்காகக் குடுத்தேன்? வருசத்துக்கு ஒரு வேட்டியக் கொண்டாந்து நீட்டறானே, அவனுக்காகவா?"

பதினொரு வருஷமாக வராத கோபம் இந்த நாலு நாளில் அந்த வேட்டி மேல் வந்து உட்கார்ந்திருந்தது. அவருக்கே அது வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாலும் கோபம் போகமாட்டேன் என்றது.

சாமி டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்து, குமிழி வந்த இடத்தைத் துணியால் துடைத்தார்.

"கடையில இருந்தப்ப ஒரு லாரி டிரைவர் வந்தாருங்ணா. டயர்ல ஆணி. மண்டை வரைக்கும் எறங்கியிருக்குது. ஆனாக் காத்துக் கொறையல. பாம்பே போயிட்டே வந்துட்டேன், இப்பத்தான் கண்ணுல பட்டுது, புடுங்கட்டுமா வேண்டாமான்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே புடுங்கிட்டாரு."

"காத்து?"

"போயிருச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்னுங்க? ஒட்டிக் குடுத்தேன். போனாரு."

செங்கோடன் காத்திருந்தார். கதை அவ்வளவுதான் போலிருந்தது.

"இது ஒரு பதிலுங்களா சாமி?"

"பதில்னு நான் சொல்லலீங்களே."

"செரி. இன்னிக்குச் சாயங்காலம் நான் எந்திரிச்சு நிக்கமாட்டேன்."

"செரிங்ணா."

"வேற ஆரையாச்சும் பேசச் சொல்லிக்குங்க."

"செரிங்ணா."

வேண்டாம் செங்கோடண்ணா, நீங்களே பேசுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்? செங்கோடன் துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பலாம் என்று திரும்பினால், பத்து மணி பஸ்ஸில் இறங்கிய ஒரு பெண் துணிப்பையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வெயிலில் வந்துகொண்டிருந்தாள்.

நாற்பது வயதிருக்கும். பெயர் சாந்தாமணி. குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவள். வந்ததும் கல்லைக் கும்பிட்டாள், சாமியைக் கும்பிட்டாள்.

"கிட்னி குடுத்தவரு இங்கதான இருக்கறாருங்க? செங்கோடண்ணன்னு?"

சாமி மோவாயால் காட்டினார். காட்டாமல் இருந்திருக்கலாம் என்று செங்கோடன் நினைத்தார்.

அவள் சொன்னது இது. அவளுக்கு ஒரே தம்பி. இருபத்தொன்பது வயது, இரண்டு சின்னக் குழந்தைகள். இவளுடைய கிட்னி சேரும் என்று சோதனையில் சொல்லிவிட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் மட்டும் பிடி கொடுக்கவில்லை.

"பங்குனிப் பௌர்ணமிக்கு வந்து நீங்க பேசுனதக் கேட்டனுங்ணா. வூட்டுல போயிச் சொன்னேன். அதுக்கப்பறந்தான் அவரு கொஞ்சம் எறங்கி வந்தாரு. நீயும் அதே மாதிரி பூக் கேளு, வெள்ளை வந்தா நான் குறுக்க நிக்கல, செவப்பு வந்துதுன்னா அந்தப் பேச்சையே வுட்டுறோணும்னாரு." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்க கையாலயே பூக் கட்டிக் குடுங்கண்ணா. இந்தக் கல்லு முன்னாடியே எடுத்துக்கறேன்."

செங்கோடன் ஓரடி பின்னால் போனார்.

"என்னைய வுட்டுரு அம்மணி. மேல கோயில்ல பூசாரி இருக்கறாரு, அவரு கிட்ட..." என்று ஆரம்பித்தார். யாரிடம் அனுப்பப் பார்க்கிறோம் என்று புரிந்ததும் நிறுத்திக்கொண்டார். சாமியைப் பார்த்தார்.

"பூ பொறத்தால இருக்குதுங்ணா," என்றார் சாமி. "ரெண்டு நெறமும் இருக்குது. கட்டிட்டு வாங்க."

"சாமி!"

"போங்ணா. அந்த அம்மணி வெயில்ல வந்திருக்குது."

கொட்டகைக்குப் பின்னால் நந்தியாவட்டைச் செடியும் செவ்வரளிச் செடியும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றன. செங்கோடன் வெள்ளையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் பறித்தார். பூவரச இலை இரண்டைக் கிள்ளி மடியில் விரித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

வெள்ளையை ஓர் இலையில் வைத்து மடித்துவிட்டார். சிவப்பைக் கையில் எடுத்தார். இது அந்தப் பொண்ணு கையில் வந்துவிட்டால்? இரண்டு குழந்தைக்கு அப்பன், இந்த ஒரு பூவினால் போய்விடுவான். சீ என்று சிவப்பைத் தூரப் போட்டார். இன்னொரு வெள்ளையைப் பறித்து வைத்தார். நூலைச் சுற்றும்போது வேறொன்று தோன்றியது. இதை நம்பிப் போய் மேஜையில் படுத்து, அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால்? யார் சொல்லிப் படுத்தாள்? தூரப் போட்ட சிவப்பைத் தேடி எடுத்து மண்ணை ஊதினார். வெள்ளையை எடுத்துவிட்டு அதை வைத்தார். மறுபடியும் அந்தக் குழந்தைகள் ஞாபகம் வந்தது.

மூன்று தரம் கட்டினார், மூன்று தரம் பிரித்தார். வேர்வை வழிந்து கண்ணில் எரிந்தது. நாலு நாளாகப் பூசாரியை மனசுக்குள் திட்டாத திட்டில்லை. அந்த மனுஷனும் அன்றைக்கு இப்படிக் கட்டிக் கட்டிப் பிரித்திருப்பாரோ? பிரித்திருக்கமாட்டார். அவருக்கு நேரமாகியிருந்தது, அவ்வளவுதான். கடவுள் வேலை என்று ஒன்று இருந்தால், அதை உட்கார்ந்து செய்து பார்க்கும்போது லேசான வேலையாகத் தெரியவில்லை.

கடைசியில் இலை இரண்டையும் அங்கேயே போட்டுவிட்டு எழுந்தார். ஒரு வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும் உள்ளங்கையில் திறந்தபடி கிடந்தன. அப்படியே நடந்துபோய் அவள் முன்னால் நின்றார்.

"பொட்டணம் கட்டல அம்மணி."

"ஏனுங்ணா?"

"நான் எடுத்தது ரெண்டுமே வெள்ளையாமா. அன்னிக்குச் செவப்புப் பூவே இல்லியாமா. எனக்கே நாலு நாளைக்கு முன்னாடிதான் தெரியும். எந்தப் பொட்டணத்த எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை கோபமா, ஏமாற்றமா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"அப்போ உங்களுக்குச் சாமி சொல்லவே இல்லீங்களா?"

"தெரியல அம்மணி."

"தெரியாமயா குடுத்தீங்க?"

"தெரியும்னு நெனச்சுக் குடுத்தேன்."

இப்போது இவள் திட்டுவாள், திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றினாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றார். அவள் திட்டவில்லை. அங்கே கிடந்த பழைய லாரி டயர் மேல் உட்கார்ந்தாள். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பிறகு, சாமிக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோலத் தொட்டிப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"வலிக்குமுங்களா?"

செங்கோடன் குனிந்து அவளைப் பார்த்தார்.

"யாருமே அதச் சொல்லமாட்டேங்கறாங்ணா," என்றாள். "டாக்டரக் கேட்டா ஒண்ணுமில்லம்மா ஒண்ணுமில்லம்மாங்கறாரு. எங்கம்மா தங்கமே தங்கமேன்னு கட்டிப் புடிச்சு அழுகறா. வூட்டுக்காரரு சாமியக் கேளுங்கறாரு. வலிக்குமான்னு கேட்டா, பயந்துட்டா, கழண்டுக்கப் பாக்கறான்னு நெனச்சுக்குவாங்கன்னு நானும் வாயத் தொறக்கல. பங்குனியில நீங்க பேசறப்ப அதுக்குத்தானுங்ணா கடேசி வரைக்கும் நின்னேன். நீங்க பூவப் பத்தியே சொன்னீங்க. வலியப் பத்திச் சொல்லவே இல்ல."

பதினொரு வருஷத்தில் இதை ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை. பூ எப்படி வந்தது என்று கேட்டார்கள். சாமி கனவில் வந்தாரா என்று கேட்டார்கள். கல்லுக்குப் பக்கத்தில் நின்று செல்போனில் படம்கூட எடுத்துக்கொண்டார்கள்.

செங்கோடன் அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

"வலிக்கும் அம்மணி," என்றார்.

"நெம்பவா?"

"மொத மூணு நாளு நெம்ப. படுத்தா எந்திரிக்க முடியாது, எந்திரிச்சாப் படுக்க முடியாது. இருமல் வந்தா உசுரு போயித் திரும்பி வரும். இரும வேண்டியிருந்தா ஒரு தலகாணிய எடுத்து இந்தப் பக்கம் அமுக்கிப் புடிச்சுக்கோணும். அத எனக்கு ஆரும் சொல்லல, ரெண்டு நாள் கழிச்சு நானாத்தான் கண்டுபுடிச்சேன். பன்னண்டு நாள்ல நடந்தேன். மூணு மாசம் பஸ்ஸுல உக்காந்தாக் குலுங்கறதுல சுருக்குன்னு இழுக்கும். இப்பவும் மழைக்காலத்துல இழுக்கும்." சட்டையைத் தூக்கிப் பக்கவாட்டைக் காட்டினார். ஒன்றரைச் சாண் நீளத்துக்குத் தழும்பு முதுகுப் பக்கம் வளைந்து போயிருந்தது. கூட்டத்தில் அதை அவர் ஒருநாளும் காட்டினதில்லை. "இப்பல்லாம் இத்தனை பெருசாக் கீறறதில்லீங்கறாங்க, சின்ன ஓட்டை போட்டே எடுத்துர்றாங்களாமா. போனா டாக்டர உடாமக் கேளு. ஒண்ணுமில்லன்னு சொன்னா எந்திரிச்சு வந்துராத, உக்காந்து கேளு."

அவள் தழும்பை நன்றாகப் பார்த்தாள். முகம் வெளுத்தாலும் கண்ணை எடுக்கவில்லை.

"உள்ள கொண்டுபோறப்பப் பயமா இருந்துச்சுங்களா?"

"வெள்ளைதான் வந்திருச்சே, அப்பறம் பயமென்ன..." என்று செங்கோடன் ஆரம்பித்தார். நூறு பௌர்ணமிக்கு மேல் சொன்ன வரி. வாய் தானாகச் சொல்லியது. பாதியில் நின்றுவிட்டது.

அப்படி இல்லையே.

"இரு அம்மணி," என்றார். "அப்பிடி இல்ல."

அவள் பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆபரேஷன் ரூமுக்கு வெளிய ஒரு வராண்டா. என்னையத் தள்ளுவண்டியில படுக்க வெச்சிருந்தாங்க. என்ற தம்பிய இன்னொரு வண்டியில. அவன் ஊசி போட்டு அரைத் தூக்கத்துல கெடந்தான். ஒரு நர்ஸம்மா வந்து என்ற காதுகிட்டக் குனிஞ்சு, ஐயா, இப்பக்கூட வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க, உங்களுக்குப் பொருந்தலைன்னு எழுதிக்குவோம், நீங்க சொன்னதா ஆருக்கும் தெரியாதுன்னுச்சு."

"நெசமாவா?"

"நெசமா. வேண்டாம்னு சொல்லத்தான் அம்மணி வாயத் தொறந்தேன். சாமி மேல சத்தியமா அதுக்குத்தான் தொறந்தேன். தலையத் திருப்புனா அவன் காலு தெரியுது. போர்வை பத்தல. ரெண்டு காலும் வெளிய கெடக்குது, பூரி மாதிரி உப்பிப்போயி. வலது கால்ல கட்டவெரலுக்கு நகம் இல்ல. அவனுக்கு இருவது வயசிருக்கறப்ப போர்வெல் வண்டியில இரும்பு ராடு மாத்தையில என்ற கை நழுவி அதும் மேல போட்டுட்டேன். வூட்டுல கேட்டதுக்கு, நானே போட்டுக்கிட்டேன்னு சொல்லிட்டான். அந்த வெரலு."

செங்கோடன் தன் வலது கால் கட்டைவிரலைத் தொட்டுக் காட்டினார்.

"தள்ளுவண்டிய வுட்டு எறங்கிப் போயி, போர்வைய இழுத்து அந்தக் கால மூடி வுட்டேன். திரும்பி வந்து படுத்துக்கிட்டு, கூட்டிட்டுப் போங்கம்மான்னேன். அவ்வளவுதான். பயம் அப்பவும் இருந்துது. பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு. பூ ஞாபகமே வரல." கையைப் பார்த்தார். பூ இரண்டும் வாடத் தொடங்கியிருந்தன. "இத நான் ஆருகிட்டயுமே சொன்னதில்ல. கண்ணு முழிச்சதும் ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் சுத்தி நின்னு எப்பிடி மனசு வந்துதுன்னு கேட்டாங்க. பூ வந்துதுன்னேன். சொல்றதுக்கு அது நல்லா இருந்துது. அதையே சொல்லிச் சொல்லி இது போயே போச்சு. நீ கேக்கப்போயித்தான் இப்ப வந்துது."

தொட்டிப் பக்கம் பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது.

சாந்தாமணி எழுந்து சேலையில் ஒட்டின மண்ணைத் தட்டினாள்.

"பன்னண்டு மணி பஸ்ஸ வுட்டா அப்பறம் மூணு மணிக்குத்தானுங்ணா."

"வூட்டுக்காரர் பூ என்னாச்சுன்னு கேப்பாரே அம்மணி?"

"கேப்பாரு. வலிக்கும்னு சொல்லோணும். அவருக்கும் அது தெரியாது." கொஞ்சம் யோசித்தாள். "குடுக்கறதோ, குடுக்காததோ, அதுக்கப்பறம் நானே சொல்லிக்கறேன்."

அவர் கையிலிருந்த இரண்டு பூவையும் வாங்கிக் கொண்டுபோய்க் கல்லுக்கு முன்னால் வைத்தாள். இரண்டையும் சேர்த்துத்தான் வைத்தாள். கும்பிட்டுவிட்டு நடந்தாள். ரோட்டு முக்கு வரைக்கும் போனவள் திரும்பி நின்று அங்கிருந்தே சத்தம் போட்டாள்.

"ஏனுங்ணா, இருமறப்பத் தலகாணியா?"

"ஆமா அம்மணி! நல்லா அமுக்கிப் புடிச்சுக்கோணும்!"

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

செங்கோடன் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சாமி ஒட்டுப் போட்ட டியூபுக்குக் காற்றடித்து முடித்திருந்தார்.

"கேட்டுச்சுங்களா சாமி?"

"பாதி கேட்டுச்சுங்ணா. பம்பு அடிச்சிட்டிருந்தேன்."

செங்கோடன் மிச்சப் பாதியையும் சொன்னார். வராண்டாவையும், நர்ஸ் சொன்னதையும், நகமில்லாத விரலையும் சொன்னார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"அந்த நேரத்துல பூ இல்ல சாமி. உத்தரவு இல்ல. ஒண்ணுமே இல்ல. வேண்டாம்னு சொல்ல வாயத் தொறந்தவன், போர்வைய இழுத்து வுட்டுட்டு வந்து படுத்துட்டேன். ஏன்னு இன்னிக்கும் எனக்குப் புரியல."

சாமி தலையசைத்தார்.

"சாயங்காலம் ஆளுக வருவாங்கண்ணா," என்றார்.

"வரட்டுங்க. பூக் கதைய இனி நான் சொல்லமாட்டேன்."

"செரிங்ணா."

"மொதல்ல பூவு ரெண்டும் வெள்ளைங்கறதச் சொல்லுவேன். அப்பறம் வேணும்னா அவன் காலைப் பத்திச் சொல்லுவேன். அரோகரா போட்டாப் போடட்டும், எந்திரிச்சுப் போனாப் போகட்டும்."

"செரிங்ணா."

இந்தத் தடவை அந்தச் 'செரி' எரிச்சலாக இல்லை. ஆனாலும் மனுஷனுக்கு மனசு ஆறவில்லை. காலையில் கேட்ட கேள்வி அப்படியேதான் கிடந்தது. நகர்ந்து சாமிக்கு இன்னும் கிட்டே உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க சாமி. ருசுவெல்லாம் வேண்டாம், நீங்க சொன்னாப் போதும். அன்னிக்கு அந்த வராண்டாவுல, அவன் காலுகிட்ட நான் நின்னப்போ, அங்க கடவுள் இருந்தாருங்களா?"

சாமி டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கி ஒரு முழுச் சுற்றுத் திருப்பிப் பார்த்தார். குமிழி எங்கேயும் வரவில்லை. வெளியே எடுத்து உதறினார்.

"என்னையக் கேட்டா எப்பிடீங்ணா?" என்றார். "அங்க இருந்தது நீங்க."